இல்லை மேடமும் ஓர் இரட்டை எழுத்தும்

எங்கள் கடையில் அவருக்கு ‘இல்லை மேடம்’ என்று பெயர். வைத்தது வாடிக்கையாளர்கள். அவருக்கும் தெரியும், கோபித்துக்கொண்டதில்லை. பழைய நாணயங்களும் தபால்தலைகளும் வாங்கி விற்கும் கடை. தபால்தலை மேஜை என்னுடையது, பக்கத்து மேஜை, நான் அக்கா என்று கூப்பிடும் அவருடையது. சில்லறையில் கிடைத்த காசில் எழுத்து இரட்டையாகத் தெரிகிறது என்று யாராவது மூச்சு வாங்க ஓடிவந்தால், பார்த்து உள்ளதைச் சொல்வதுதான் அக்காவின் வேலை. உள்ளது பெரும்பாலும் ‘இல்லை’தான்.

கேட்டவர்களின் முகம் தொங்கிப்போகும். சிலர் சண்டைக்கே வருவார்கள். அக்கா குரலை உயர்த்தாமல் எல்லாருக்கும் ஒரே விளக்கத்தைச் சொல்வார். நாணயம் அடிக்கும் அச்சைச் செய்யும்போதே எழுத்து இரண்டு தடவை பதிந்துவிட்டால், அது நாணயச்சாலையின் நிஜமான பிழை, சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுப்பார்கள். இரண்டாவது எழுத்தும் முதலாவதைப் போலவே மேடாக, உருண்டு திரண்டு நிற்கும். அச்சு சரியாகவே இருந்து, அடிக்கிற நேரத்தில் கொஞ்சம் ஆடிவிட்டால், எழுத்தின் ஓரம் நசுங்கிப் படிக்கட்டு மாதிரி தட்டையாகிவிடும். அதை நாங்கள் மெஷின் ஆட்டம் என்போம். அந்தக் காசுக்கு எந்தப் பெருமையும் கிடையாது, கொடுத்துத் தீப்பெட்டி வாங்கலாம்.

“இன்னொண்ணும் இருக்கு” என்பார் அக்கா. “அச்சுலயே தப்புன்னா, அந்த அச்சுல அடிச்ச எல்லாக் காசுலயும் அதே தப்பு அதே இடத்துல இருக்கும். ஆட்டம் அப்படி இல்ல. காசுக்குக் காசு மாறும்.”

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதெல்லாம் அவரிடம் எடுபடாது. மேஜை விளக்கைப் பக்கவாட்டில் சாய்ப்பார். லென்ஸைக் கண்ணில் வைத்துக் காசை மெல்லச் சுழற்றுவார். வாய் திறப்பது அதற்குப் பிறகுதான்.

அவருடைய கணவர் பஸ் ஓட்டியவர். முழங்கால் தகராறு செய்ததில் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். எனக்கு அவர் மாமா. மனைவி வேலைக்குப் போக, தான் வெங்காயம் நறுக்குவது மாமாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பொழுது போகாமல் சில்லறையைக் கொட்டிப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு நாள் ஒரு காசில் ஆண்டு எண்கள் இரட்டையாக இருந்தன, கடைசி எண்ணுக்குக் கீழே வால் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீடு, மாடி வீடு, தண்ணீர் கேன் போடுகிறவர் என்று ஒருவர் விடாமல் காட்டிவிட்டு மனைவிக்காகக் காத்திருந்தார்.

அக்கா வந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, சமையலறை வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தார்.

“இல்லைங்க. மெஷின் ஆட்டம்.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“நான் பாக்காத காசா? சாப்பிட்டீங்களா?”

மறுநாள் மாமா அந்தக் காசைக் கொடுத்து டீ குடித்துவிட்டார். சில்லறை பார்ப்பதையும் அன்றோடு விட்டார். மாடி வீட்டுக்காரர் மட்டும் படியில் பார்க்கும்போதெல்லாம், “என்ன சார், புதையல் எப்படி இருக்கு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்கு வேறு வேலையே கிடையாது. மாமா வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. மழை பெய்த ஒரு மத்தியானம், தையல் கடைக்காரி ஒருத்தி தன் கல்லாவில் கிடைத்ததாக ஒரு காசைக் கொண்டுவந்தாள். அக்கா விளக்கைச் சாய்த்தார், லென்ஸை வைத்தார். வழக்கத்தைவிட வெகுநேரம் பார்த்தார்.

“இது நிஜம்தாம்மா” என்றார்.

கடையே திரும்பிப் பார்த்தது. முதலாளி எழுந்தே வந்துவிட்டார். தையல்காரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அக்காவின் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

கூட்டம் கலைந்ததும், “என்னக்கா ஆச்சு?” என்று கேட்டேன்.

“அதே வருஷம். கடைசி எண்ணுக்குக் கீழ, அதே இடத்துல அதே வால். எங்க வீட்டுக்கு வந்த காசுலயும் இருந்துச்சு. நான் இல்லைன்னுட்டேன்.”

பிறகுதான் வீட்டில் நடந்ததைச் சொன்னார். போன காசு இனித் திரும்பாது. சொல்லாமல் விட்டால் ஒரு ஈ, காக்கைக்குக்கூடத் தெரியப் போவதில்லை. சொன்னால் மாமாவுக்கு வயிற்றெரிச்சல்தான் மிச்சம். நானாக இருந்தால் வாயைத் திறக்கவே மாட்டேன் என்றேன்.

“சொல்லலைன்னா, தன் கண்ணுதான் தப்புன்னு காலம் பூரா நெனச்சிட்டு இருப்பாருடா” என்றார் அக்கா.

அன்று மாலையே சொல்லியிருக்கிறார், தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல். மாமா டிவி சத்தத்தைக் குறைத்தார். அந்தக் காசு எவ்வளவுக்குப் போகும் என்று கேட்பாரோ என்று அக்காவுக்குப் பயம். அவர் கேட்கவில்லை.

“அப்ப நான் பாத்தது சரிதானா?”

“சரிதாங்க. நான்தான் தப்பு.”

மாமா டிவியை அணைத்தார்.

“தப்பாச் சொன்னதுகூடப் பரவாயில்ல” என்றார் பிறகு. “எவனெவனோ கொண்டாந்து நீட்டுற காசுக்கெல்லாம் லென்ஸை எடுக்குற. அன்னைக்கு எனக்கு நீ எடுக்கவே இல்லையே.”

அக்கா பையோடு அப்படியே உட்கார்ந்து அழுதாராம்.