சுரங்க வைத்தியரின் புகழும் இரத்தினவேலின் இருமலும்

ஒஸ்லோ நகரின் ஸ்டோவ்னர் பகுதியில் வைத்தியம் பார்க்கும் டொக்டர் குலசேகரத்துக்கு நோயாளிகள் ஆயிரம் பேர். அவர் உருகி உருகி அக்கறைப்பட்டதோ ஒரே ஒருவரில்தான். அந்த மனிதரும் செத்து நானூறு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. மறுமலர்ச்சிக் காலத்து ஜெர்மன் வைத்தியர். சுரங்க ஊரில் வாழ்ந்து, குழிக்குள் இறங்கிப் பார்த்து, பாறைத் தூசி நுரையீரலைத் தின்னும் என்று எழுதிவைத்தவர். அவரை வாசிப்பதற்காகவே நம் டொக்டர் லத்தீன் படித்தார்.

உயிரோடிருக்கும் சொந்தக்காரருக்கு அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. நம் கல்யாண வீடுகளில் டொக்டர் ஒருவர் சாப்பாட்டு வரிசையில் நின்றால், பின்னால் நிற்பவர் முழங்காலைத் தூக்கிக் காட்டுவார். அந்த ஆக்கினை தாங்காமல், "சொந்தத்துக்குள்ளை நோய் வருத்தம் கதைக்கிறேல்லை" என்று அறிவித்திருந்தார். எல்லோரும் அதை மீறினார்கள். மீறாதவர் தங்கை சிவநாயகியின் கணவர் இரத்தினவேல் மட்டும்தான். ஒஸ்லோவைச் சுற்றி மலை குடைந்து சுரங்கப்பாதை போடுகிறவர், மரியாதை தெரிந்தவர். மாதக்கணக்காக இருமினார்; படியேற மூச்சு வாங்கியது. மச்சானைத் தொந்தரவு செய்யவில்லை.

போன மாரிப் பனியில் எல்லிங்ஸ்ருட் மண்டபத்தில் அந்த ஜெர்மன் வைத்தியரைப் பற்றி டொக்டரின் பேச்சு. விளக்கேற்றி, பொன்னாடை போர்த்தி, வழக்கம்போலப் பிந்தித்தான் தொடங்கியது. தூசி சுரங்கக்காரரின் நெஞ்சை அரித்த கதைக்கு அவர் தழுதழுத்தபடி வந்து சேர்ந்தபோது, முன்வரிசையில் இரத்தினவேல் இருமத் தொடங்கினார். இருமல் நிற்கவில்லை. டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மச்சான், கொஞ்சம் வெளியிலை போய் இருமிப்போட்டு வாங்கோ. இது முக்கியமான இடம்."

இரத்தினவேல் எல்லோரிடமும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பனிக்குள் போனார். சபை நிம்மதியாகக் கேட்டது. பின்வரிசையில் இருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பேச்சு முடிந்து, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். வடை ஆறிவிடும் என்பதால் யாரும் கேட்பதில்லை. அன்றைக்குச் சிவநாயகி எழும்பினார்.

"அண்ணா, அந்த வைத்தியர் இருமின ஆக்களை என்ன செய்தவர்?"

"அவர் கிட்டப் போய், பக்கத்திலை இருந்து..."

கதவுக்கு வெளியே இருமல் கேட்டது. டொக்டர் பொன்னாடையோடு இறங்கி ஓடினார். பனிக்குள் குனிந்து நின்ற மச்சானின் முதுகில் காதை வைத்தார்.

கெட்டிக்கார டொக்டர்தான். நெஞ்சுப் படம் எடுக்க முன்னரே வருத்தத்தின் பெயரைச் சொல்லிவிட்டார். படம் எடுத்தபோது நுரையீரலில் பாதிதான் மிச்சம் இருந்தது.