சாராள் கொடுத்த மாத்திரைகள்

தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி. அங்கே துப்புரவு வேலை பார்க்கும் முப்பது பெண்களுக்கும் சாராள்தான் டாக்டர். படித்தது எட்டாவது. யாராவது அதைச் சொல்லிக் கேலி செய்தால், "எட்டாவது படிச்சே எத்தினி பேருக்கு ஜுரத்த எறக்கிருக்கேன், எண்ணிப் பாரு" என்பாள். வாய்க்கு மட்டும் அவளிடம் பஞ்சம் கிடையாது.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். வயல்கள் கைமாறிக் கம்பெனிகள் முளைத்தபோது சாராள் கான்ட்ராக்ட்டில் துடைப்பத்தோடு உள்ளே போனாள். ஆறே வருஷத்தில் சூப்பர்வைசர் ஆனாள். முதலுதவிப் பெட்டியின் சாவியும் அதோடு அவள் கைக்கு வந்தது. லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும் என்பதால் காய்ச்சலோடு வேலைக்கு வருகிறவர்கள் அங்கே நிறைய பேர். கம்பெனி நர்ஸ் பகலில் மட்டும்தான் இருப்பார். மற்ற நேரமெல்லாம் பெட்டியைத் திறப்பது சாராள்தான்.

மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் பொடி இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படிப்பதற்குள் அவளுக்கே தலைவலி வந்துவிடும். அதனால் நிறத்தை வைத்து மனப்பாடம் பண்ணிக்கொண்டாள். உருண்டை வெள்ளை காய்ச்சலுக்கு, நீள வெள்ளை தலைவலிக்கு, ஆரஞ்சு சளிக்கு, மஞ்சள் உடம்பு வலிக்கு. ஏனோதானோ என்று கொடுக்கிறவளும் இல்லை. ஒரு மாத்திரை கொடுத்தால் அதே மாத்திரையைத் திரும்பக் கொடுக்க ஆறு மணி நேரம் ஆகவேண்டும். கால் மணி முன்னால் கேட்டாலும் தரமாட்டாள்.

அவளுடைய வைத்தியத்துக்கு முதல் சாட்சி அவள் புருஷன் எபினேசர்தான். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் கிரைண்டிங் வேலை. ஆறடி ஆள். கப்பலின் வயிற்றுக்குள் இருட்டுத் தொட்டியில் இறங்கி, பொறி பறக்க இரும்பைத் தேய்த்துவிட்டு வருவான். "எங்கூட்டுக்காரருக்கு ஒரே ஒரு வெள்ள குட்த்தேன், மறுநாளே ஷிஃப்டுக்குப் பூட்டாரு" என்று கம்பெனி பஸ்ஸில் சொல்லிச் சொல்லி அவள் பேர் வாங்கியிருந்தாள். பதினெட்டு வருஷத்தில் ஒருமுறைகூட அவளுடைய மாத்திரை அவனிடம் தோற்றதில்லை.

இந்த ஐப்பசியில்தான் தோற்றது. திங்கட்கிழமை எபினேசர் வேலையிலிருந்து நடுங்கிக்கொண்டே வந்து படுத்தான். முட்டிக்கு முட்டி வலி என்றான். சாராள் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கி வைத்திருந்த உருண்டை வெள்ளையைக் கொடுத்தாள். வாயில் போட்டான், தண்ணீர் குடித்தான், வாய் கொப்பளிக்க வெளியே போய் வந்தான். காய்ச்சல் இறங்கவில்லை. சாயங்காலம் தலை வெடிக்கிறது என்றான், நீள வெள்ளையைச் சேர்த்தாள். செவ்வாய்க்கிழமை மூக்கு ஒழுகியது, ஆரஞ்சைச் சேர்த்தாள். அப்படியும் கேட்காததால் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி, "உடம்பு வலிக்கு ஒரு செட் குடுண்ணா" என்று கேட்டாள். அட்டையிலிருந்து பிரித்த உதிரி மாத்திரைகளைக் கடைக்காரர் வேளைக்கு ஒரு பொட்டலமாகக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். பேரும் கிடையாது, சீட்டும் கிடையாது. மஞ்சள் இருந்ததால் சாராளுக்கு அது போதுமானதாக இருந்தது.

புதன்கிழமை அவள் லீவு போட்டாள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக மணி பார்த்து, ஒரு வேளைகூடப் பிசகாமல் கொடுத்தாள். மறுநாள் காலையில் நாஷ்டாவுக்கு வைத்த இட்லியை எபினேசர் வாந்தி எடுத்ததும் அவள் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் அள்ளிப் போட்டாள். ஷேர் ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள்.

அங்கே இருந்த டாக்டர் தமிழ்ச்செல்விக்குச் சின்ன வயசுதான். "என்னென்ன மாத்திரை குடுத்தீங்க?" என்று கேட்டார். சாராள் பையைத் திறந்து எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினாள். எது எப்போது கொடுத்தது என்பதை நிமிஷம் தவறாமல் சொன்னாள். பாராட்டு வரும் என்றுகூட எதிர்பார்த்திருப்பாள்.

டாக்டர் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் படித்தார். ஒரு தாளில் கூட்டினார். முகம் மாறிவிட்டது.

"அம்மா, இந்த உருண்டை பாராசிட்டமால். இந்த நீளமும் பாராசிட்டமால். இந்த ஆரஞ்சுல சளி மருந்தோட அதுவும் சேர்ந்திருக்கு."

"இல்ல மேடம், அது சளிக்கு. இது தலவலிக்கு."

"வேற வேற கம்பெனி, வேற வேற பேரு. உள்ள இருக்கிறது ஒரே மருந்துதாம்மா."

சாராள் மேஜையைப் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாகவும் ஆரஞ்சு ஆரஞ்சாகவும்தான் இருந்தன. "கலரு வேற வேறயா கீதே மேடம்? அது எப்டி ஒண்ணாவும்?" என்றாள். அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

"இந்த மஞ்சள்ல பேரே இல்ல. இதுலயும் இருக்குன்னுதான் நான் வச்சிக்கணும். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து நாலு கிராம்தான் உச்சம். நீங்க குடுத்தது ஆறைத் தாண்டுது."

"ஆறு மணி நேரம் கேப் வுட்டுதானே மேடம் குட்த்தேன்?"

"ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா விட்டீங்க. எல்லாத்துக்கும் சேர்த்து விடலையே. அளவோட போட்டா இதை மாதிரி நல்ல மருந்து இல்லம்மா. அளவு மீறினா ஈரலைக் கெடுத்துடும். முதல் ரெண்டு நாள் வெளியவே தெரியாது. குடிப்பாரா?"

"சம்பளத்தன்னிக்கு மட்டும்."

உடனே ரத்தம் எடுக்க வேண்டும், முறிவு மருந்தை டிரிப்ஸில் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு டாக்டர் எழுந்தார். சாராள் தன் கைகளைப் பார்த்தாள். தன் கையால், மணி பார்த்து, நெற்றியைத் தடவிக் கொடுத்தே புருஷனைச் சாகடிக்க முடியுமா? கவனமில்லாமல் செய்திருந்தால் தன்னைத் திட்டிக்கொள்ளலாம். இவ்வளவு கவனமாகச் செய்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கர்த்தரே, கர்த்தரே என்று சொல்லிக்கொண்டே எபினேசரைப் படுக்கவைத்திருந்த கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எபினேசர் டாக்டரைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான்.

"மே, அழாத. நான் எதையும் முழுங்கல."

"இன்னா?"

"மாத்தர எனக்கு உள்ள எறங்காது மே. சின்னதுலேர்ந்தே தொண்டைல நின்னுக்கும். நாக்குக்கு அடீல வச்சிக்கினு, வெளிய போயி கால்வாயில துப்பிடுவேன்."

டாக்டர் திரும்பி வந்தார். "ஒண்ணுகூட முழுங்கலையா? உண்மையைச் சொல்லுங்க, உயிர் விஷயம்."

"சத்தியமா ஒண்ணுகூட இல்ல மேடம். இந்தத் தபா மட்டும் இல்ல. எப்பவுமே."

எதற்கும் ரத்தத்தைப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். முடிவு வர மதியம் தாண்டிவிட்டது. ஈரலுக்கு ஒன்றுமில்லை, டெங்குவும் இல்லை, சாதாரண வைரஸ் காய்ச்சல்தான். டெங்குவாக இருந்து அந்த மஞ்சள் வலி மாத்திரை உள்ளே போயிருந்தால் ரத்தக்கசிவுக்குக்கூட வழியாகியிருக்கும் என்று சொல்லிவிட்டு, பேரில்லாத மாத்திரைகளை எல்லாம் குப்பைத் தொட்டியில் போட்டார்.

சாராள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும், இருக்கவும் செய்தது. ஆனால் கூடவே என்னென்னவோ வந்தது. காய்ச்சல் இறங்காததால்தான் மேலே மேலே சேர்த்தாள். அவன் துப்பியதால்தான் இறங்கவில்லை. துப்பியதால்தான் பிழைத்தும் இருக்கிறான். எதற்காக அவனைத் திட்டுவது, எதற்காகக் கையெடுத்துக் கும்பிடுவது? பதினெட்டு வருஷமாக இறங்கிய காய்ச்சலெல்லாம் தானாகவே இறங்கியதா? அப்படியென்றால் பஸ்ஸில் பீற்றிக்கொண்டதெல்லாம் என்ன? இவனாவது துப்பினான். அந்த முப்பது பேரும் அவளை நம்பி விழுங்கினார்களே.

"கப்பலுக்குள்ள எறங்குற ஆளு, ஒரு மாத்தரைக்குப் பயந்துக்கினு இருந்தியா? ஏன்யா என்கிட்ட சொல்லல?"

எபினேசர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான். "நீ ஒரு ஷிஃப்டு, நான் ஒரு ஷிஃப்டு. மாத்தர குடுக்க சொல்லோதான் நீ பக்கத்துல குந்தி நெத்தில கை வைப்ப. வேணாம்னா எழுந்து பூடுவியேன்னுதான்."

சாராளின் கோபம் பாதியில் நின்றது, அழுகையும் பாதியில் நின்றது. கை மட்டும் தானாகப் போய் அவன் நெற்றியில் உட்கார்ந்தது. நெற்றி கொதித்தது. இத்தனை வருஷமாக, இதற்கடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவள் யாரையும் கேட்டதில்லை. இப்போது கையை எடுக்காமலே கதவுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"சிஸ்டர், ஜுரம் அடிக்குது. இப்ப இன்னா குடுக்கணும்?"