அந்தம்மா விழுங்காத மாத்திரை

போன வருஷம் ஐப்பசி அடைமழையில, தாம்பரம் பக்கத்துல ஒரு ஸ்கேன் சென்டர்ல நடந்தது இது. நான் அங்க நர்ஸ். இதயத்துக்கு சிடி ஸ்கேன் எடுக்க வர்றவங்களைத் தயார் பண்றது என் வேலை. காபி குடிச்சீங்களா, எப்ப சாப்பிட்டீங்க, அலர்ஜி உண்டா, ஆஸ்துமா உண்டான்னு கேட்டு, கையில ஊசி போட்டு, நாடித்துடிப்பு பாத்து உள்ள அனுப்பணும். துடிப்பு வேகமா இருந்தா படம் கலங்கிடும். அதைக் குறைக்க டாக்டர் ஒரு மாத்திரை கொடுக்கச் சொல்வார்.

அன்னைக்கு அஸ்தினாபுரத்துல இருந்து ஒரு தம்பதி வந்தாங்க. அந்தம்மாவுக்கு ஐம்பது வயசிருக்கும். நடந்தா நெஞ்சைப் பிடிக்குதுன்னு ஸ்கேனுக்கு எழுதியிருந்தாங்க. வீட்டுக்காரர் ஸ்கூல் வாத்தியார். நம்ம ஊர்ல ஒரு பழக்கம் உண்டே, பேஷன்ட்டைக் கேட்டா கூட வந்தவங்கதான் பதில் சொல்வாங்க. சார் அதுல ஃபர்ஸ்ட் ரேங்க். "காபி குடிச்சீங்களாம்மா?"ன்னு கேட்டா, "நேத்துல இருந்து தொடவே இல்ல சிஸ்டர்"னு அவர் சொல்றார். "ஆஸ்துமா, வீசிங் ஏதாவது?"ன்னு கேட்டதுக்கும், "சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல"ன்னு அவரேதான். அந்தம்மா குனிஞ்ச தலை நிமிரல.

துடிப்பு தொண்ணூறைத் தாண்டி ஓடுது. டாக்டர் மாத்திரை கொடுக்கச் சொன்னார். அட்டையில இருந்து பிச்சுக் கையில கொடுத்தேன். இங்கதான் என் குழப்பம் ஆரம்பிச்சுது.

வாங்கினாங்க, விழுங்கல. அட்டையைக் காட்டச் சொல்லி, பேரை எழுத்துக்கூட்டிப் படிச்சாங்க. தண்ணி ரொம்ப சில்லுனு இருக்குன்னாங்க, மாத்திக் கொடுத்தேன். பாத்ரூம் போகணும்னாங்க, போய்ட்டு வந்தாங்க. மாத்திரை அப்பவும் உள்ளங்கையிலேயே, வேர்வையில கரையுது. "ஜெபம் பண்ணிட்டுப் போட்டுக்கறேன்"னு கண்ணை மூடினவங்க திறக்கவே இல்ல. வெளிய அடுத்த பேஷன்ட் சத்தம் போடறார். இது பயமா, பிடிவாதமா, ஒரு எழவும் புரியல. கோபம் பொத்துகிட்டு வந்துது எனக்கு. சார் வேற, "முழுங்கிடும்மா, சிஸ்டர் எவ்ளோ நேரம் நிப்பாங்க"ன்னு கெஞ்சறார். அவர் பேசப் பேச மானிட்டர்ல நம்பர் ஏறுது!

இவர் இருந்தா வேலைக்கு ஆகாதுன்னு, "சார், கொஞ்சம் வெளிய உக்காருங்க, ஊசி போடணும்"னு அனுப்பிட்டேன். கதவு மூடினதும் அந்தம்மா என் கையை இறுக்கிப் பிடிச்சுகிட்டாங்க.

"சிஸ்டர், எனக்குச் சின்ன வயசுல இருந்தே மூச்சிழுப்பு. கல்யாணம் நின்னுடும்னு எங்க வீட்ல மறைச்சிட்டாங்க. அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப பிரஷருக்குன்னு இதே மாத்திரையைக் கொடுத்து, மூச்சு விட முடியாம செத்துப் பொழைச்சேன். இவருக்கு எதுவும் தெரியாது. சொல்லிடாதீங்க."

முதல்ல அந்த மாத்திரையை அவங்க கையில இருந்து பிடுங்கினேன். இழுப்பு இருக்கறவங்களுக்கு அந்த மாத்திரை மூச்சுக்குழாயை இறுக்கிடலாம். அதுக்குத்தானே அந்தக் கேள்வியே கேக்கறோம்! ஓடிப்போய் டாக்டர்கிட்ட சொன்னேன். அவர் வேற மருந்துக்கு மாத்தினார். துடிப்பு மெல்ல இறங்கிச்சு, அவங்களை ஸ்கேனுக்கு உள்ள அனுப்பிட்டு வெளிய வந்தேன்.

சார் காத்துகிட்டு இருந்தார். முகமெல்லாம் வேர்வை. "சிஸ்டர், அந்த மாத்திரையால ஒண்ணும் ஆகாதே? அவளுக்கு இழுப்பு உண்டு. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது."

அட கடவுளே! "தெரிஞ்சுகிட்டேவா சார் இல்லன்னு சொன்னீங்க?"ன்னு கத்தியே விட்டேன்.

"பக்கத்துலயே உக்காந்திருந்தாளே சிஸ்டர். கல்யாணமான நாள்ல இருந்து பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு மருந்தை உறிஞ்சிட்டு வர்றா. நான் ஆமான்னு சொன்னா, மூஞ்சியை எங்க கொண்டு வெச்சுப்பா? துடிப்புக்குக் கொடுக்கற மாத்திரை மூச்சுல போய் நிக்கும்னு எனக்கென்ன தெரியும்? உள்ள இவ்ளோ நேரமானதும்தான், நீங்க எதுக்கு ஆஸ்துமா பத்திக் கேட்டீங்கன்னு யோசிச்சுப் பயம் பிடிச்சுகிச்சு. நான் சொன்னேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க."

"அவங்க அதை முழுங்கல, வேற மருந்து மாத்திக் கொடுத்தாச்சு சார், பயப்படாதீங்க"ன்னேன். ஏன் மாத்தினீங்கன்னு அவர் கேக்கல. புரிஞ்சுதான் கேக்கலயா, நிம்மதியில மறந்துட்டாரான்னு எனக்குத் தெரியல. எனக்குச் சிரிக்கறதா அழறதா, இல்ல ரெண்டு பேரையும் எதிரெதிரா உக்காரவெச்சு நாலு வார்த்தை நறுக்குனு கேக்கறதான்னே தெரியாம நின்னேன். ரெண்டு பேருமே சொல்லிடாதீங்கன்னு கேட்டுகிட்டாங்களே! கிளம்பறப்ப அந்தம்மாகிட்ட தனியா, "வீட்ல சொல்லிடுங்கம்மா"ன்னேன். சார்கிட்டயும் தனியா அதையேதான் சொன்னேன். ரெண்டு பேரும் பெருமாள் மாடு மாதிரி தலையாட்டிட்டு, ஒரே குடையில மழைக்குள்ள இறங்கிப் போனாங்க.

இப்பல்லாம் கூட வந்தவங்களை வெளிய அனுப்பிட்டுத்தான் நான் கேள்வியே கேக்கறேன். ஆனா ஒருத்தர் மேல ஒருத்தர் உசிரையே வெச்சிருந்த அந்த ரெண்டு பேரும், ஒருத்தர் மனசு நோகக் கூடாதுன்னு ஒருத்தர் வாயை மூடிகிட்டே அந்த உசிருக்கே உலை வைக்க இருந்தாங்களே, அதை அன்புன்னு சொல்றதா, அசட்டுத்தனம்னு சொல்றதான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடல.