ஒரே தட்டில் ஒரு வரி

மலேசியாவில் எங்கள் அலோர் ஸ்டார் அச்சுக்கடைகளுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. மகளின் கல்யாண அட்டை அடிக்க அண்ணனோடு போயிருந்தேன். அங்கே தட்டெழுதும் பெண்ணுக்கு இடக்கை விளங்காது. மடியில் பூனைக்குட்டிபோல் கிடக்கும். ஆனாலும் ஒரு சாவியைத் தட்டினால் திரையில் வரி முழுவதும் கறுப்பாகும். பிறகு அதை நினைத்த இடத்தில் தூக்கி வைப்பாள்.

“எப்படி தங்கச்சி?”

“ரெண்டு கையால ரெண்டு சாவி அமுக்கணும்க்கா. நான் ஒரே சாவிக்கு மாத்திட்டேன்.”

“எங்கண்ணனையும் அப்படி மாத்திக் குடு லா.”

அண்ணன் சிரிக்கவில்லை. கடைசி வரியைக் காட்டினார். எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே வரி அது, என் பெயர்.

“புருஷன் இல்லாதவ பேரு கல்யாண அட்டையில ஆகாது. அழிச்சிடும்மா.”

என் பெயர் கறுப்பானது. அடுத்த தட்டில் அது எல்லாருக்கும் மேலே போய் உட்கார்ந்தது.

“அழிக்கத்தானே சொன்னேன்?”

“அழிக்கிறதுக்கு ரெண்டு கை வேணும் அண்ணே. எனக்கு ஏது?”

சற்று முன்புதான் அண்ணன் பெயரில் ஒரு பிழை என்று சொல்லி அவள் ஒரே விரலால் அதை அழித்ததை நான் பார்த்திருந்தேன். அவ்வளவு சாதுவாகப் பொய் சொன்ன முகத்தை அதற்குப் பிறகு நான் எங்கும் பார்க்கவில்லை.