இரண்டு முறை அடித்தால் சங்கரா

என்னுடைய பழைய அலைபேசிக்குக் காது போய்விட்டது. நான் பேசுவது மற்றவர்களுக்குக் கேட்கும். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்காது. "கடைசியில் போனும் உன்னைப் போலவே ஆகிவிட்டது" என்று அப்பா சிரித்தார். வீட்டில் நான் கேட்பதைவிட அதிகம் பேசுகிறவள் என்று பெயர்.

சமூகப்பணியில் பட்டம் பெற்றபின், மீன் விற்கும் பெண்களுக்காக இயங்கும் ஒரு சிறிய அமைப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காலையில் காரைக்கால்மேட்டின் கடற்கரை, பகலில் அந்தப் பெண்கள் விற்கப் போகும் ஊர்கள் என்று வேலை நடந்தது. அந்த மாதம் முதல் புதுச்சேரியில் நடக்கும் கூட்டங்களுக்கும் நானே போக வேண்டும் என்று முடிவாகியிருந்தது. பேருந்திலேயே பாதி நாள் கழியும். ஆகவே ஒரு புதிய அலைபேசியும், போகிற வழியெல்லாம் கூடவே வரும் ஓர் இணைப்பும் தேவைப்பட்டன.

ஒரு பொருளை வாங்குமுன் அது யாருடைய உழைப்பில் உருவாகிறது, கடைசியில் எந்தக் குப்பையில் போய்ச் சேர்கிறது என்று யோசிக்கும் பழக்கம் படிப்பின்போது என்னிடம் ஒட்டிக்கொண்டது. பழைய போனைப் பழுதுபார்க்க முடியுமா என்று மூன்று கடைகளில் கேட்டேன். மூவரும் உதட்டைப் பிதுக்கினார்கள். மின்கலத்தையாவது மாற்றிக்கொள்ளக் கூடிய, பல ஆண்டுகள் உழைக்கக் கூடிய ஒன்றைத் தேடத் தொடங்கினேன். என் விசாரணை கடற்கரை வரைக்கும் எட்டிவிட்டது.

"போன் மாத்தப் போறியாமே பாப்பா?" என்றார் அக்கா.

அக்கா என்று நான் அழைப்பது எங்கள் குழுவில் இருக்கும் ஒரு மீன்காரப் பெண்மணியை. காரைக்கால்மேட்டில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் ஏறி, நெரவியில் விற்பவர். அலுமினிய அன்னக்கூடையைத் தலையிலிருந்து ஒற்றைக் கையால் இறக்கிவைத்துக்கொண்டே யாரையும் கிண்டல் செய்யக் கூடியவர்.

"ஆமாங்கக்கா. பாத்துக்கிட்டிருக்கேன்."

"எனக்கும் ஒண்ணு பாரு. ஒனக்கு எதோ அதான் எனக்கும்."

அவருக்கு அது அவசரமான தேவை. நெரவியில் ஒரு சிறிய மெஸ் இருக்கிறது. அக்கா கொண்டுபோகும் மீனில் பாதிக்குமேல் அங்கேதான் இறங்கும். மீதியை வீடுகளில் விற்பார். சில மாதங்களாக மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு ஒருவர் அந்தப் பக்கம் வரத் தொடங்கியிருந்தார். அவர் விடியும்போதே மெஸ்காரருக்குப் போன் செய்து இன்றைக்கு என்ன மீன் என்று சொல்லிவிடுவார். மெஸ்காரர் அக்காவிடம் நயமாகத்தான் சொன்னார்: நீங்களும் அடுப்புப் பற்றவைக்குமுன் சொல்லிவிட்டால் உங்களிடமே வாங்குகிறேன், இல்லையென்றால் எனக்கு வேறு வழியில்லை. அக்காவின் பழைய போனுக்கோ, அதிலிருந்த இணைப்புக்கோ கரையிலும் நெரவியிலும் சிக்னல் நிலைப்பதில்லை. மெஸ் கையை விட்டுப் போனால் மீதியிருக்கும் வீடுகளுக்காக மட்டும் ஆட்டோவில் கூடை ஏற்றுவது கட்டுப்படியாகாது.

என்ன மீன் என்பது அக்காவுக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய தம்பி ஒரு ஃபைபர் படகில் போகிறார். எஞ்சின் சத்தத்தில் படகிலிருந்து பேச முடியாது. அதனால் கரையில் ஒரு வழக்கம் உண்டு. செல்போன் கோபுரம் எட்டும் தூரத்துக்குப் படகு வந்ததும் கடலிலிருந்து அழைப்பார்கள். கரையில் யாரும் எடுக்க மாட்டார்கள்; எத்தனை அழைப்பு என்று மட்டும் எண்ணுவார்கள். ஒரு முறை அடித்து நின்றால் மத்தி. இரண்டு முறை அடித்து நின்றால் சங்கரா. மூன்று முறை என்றால் ஒன்றுமில்லை, கரையில் ஐஸ் விற்கக் காத்திருக்கும் ஐஸ்காரரை அனுப்பிவிடலாம். பேசுவதற்குத் தனியாகக் காசு பிடித்த காலத்தில் தொடங்கியது. இப்போது காசு பிடிப்பதில்லை. எஞ்சின் மட்டும் இன்னும் அமைதியாகவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், அக்கா கை கழுவிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. மரியாதையாக எடுத்து "வணக்கம்" என்றேன்.

"எடுத்துட்டியா! அடப் பாவி மவளே, இப்ப ஒண்ணா ரெண்டான்னு எவனுக்குத் தெரியும்?" என்று அவர் கத்தியதில், மீனை ஏலம் விட்டுக்கொண்டிருந்த ஏலக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அப்பாவின் போனையும் என் தோழியின் போனையும் இரவல் வாங்கிக்கொண்டு நான் சோதனையில் இறங்கினேன். இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்புகள். தோழியுடையது புதுச்சேரி வரை பேருந்தில் ஓரிடத்திலும் அறுபடவில்லை. பூவத்தைத் தாண்டினால் மாநிலம் மாறித் தமிழ்நாடு வருகிறது; புதுச்சேரிக்கு முன் மறுபடியும் மாறுகிறது. பயணிகளுக்கு அது தெரியும், அந்த இணைப்புக்குத் தெரியவில்லை. ஆனால் காரைக்கால்மேட்டில் படகு ஏறும் மணலில் நின்றால் அது ஒற்றைக் கோடாக மெலிந்து, பிறகு அதுவும் மறைந்தது. அப்பாவுடையது மணலிலும் நெரவியின் மெஸ் வாசலிலும் கோடுகள் நிரம்ப நின்றது. ஆனால் தரங்கம்பாடி கடந்த பிறகு சாலையில் ஒரு நீண்ட துண்டு. அங்கே அது செத்துக் கிடந்தது.

எனக்கு ஓர் இணைப்பு, அக்காவுக்கு வேறோர் இணைப்பு என்பதுதான் நியாயமான தீர்வு. அதைச் சொன்னேன்.

"ஏன், ஒனக்கு ஒசத்தியானது, எனக்கு மட்டமானதா?"

"அப்படி இல்லக்கா. உங்களுக்கு இங்க எடுக்கணும், எனக்குப் போற வழியில எடுக்கணும்."

"அதெல்லாம் எனக்குப் புரியாது. ஒரே மாதிரி இருந்தாத்தான், இது அழுத்தினா என்ன ஆவும், எப்பக் காசு போடணும்னு ஒன்னக் கேட்டுக்க முடியும். ஒன்னுது வேற, என்னுது வேறன்னா நீ முழிப்ப."

அதில் உண்மை இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். பேருந்தில் கொஞ்ச நேரம் என்னை யாரும் அழைக்க முடியாவிட்டால் ஒரு கூட்டக்குறிப்பு தாமதமாகும். கரையில் அக்காவை அழைக்க முடியாவிட்டால் ஒரு கூடை மீன் வீணாகும். அப்பாவின் இணைப்பையே இருவருக்கும் எடுத்துக்கொள்வது என்று தீர்மானித்தேன்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் போய் நின்றோம். கடைக்காரர் துபாயில் போன் கடையில் வேலைபார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்.

"வாங்கக்கா, வாங்க. என்ன மாதிரி பாக்குறீங்க?"

"அலை சத்தத்துக்கு மேல கேக்கணும்" என்றார் அக்கா.

அவர் ஒரு போனை எடுத்து முழு ஒலியில் ஒரு கல்யாண மேளத்தை அடிக்கவிட்டார். தெருவில் போன ஒருவர் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். அக்காவுக்குத் திருப்தி.

"ஆனா ஈரக் கையால தொட்டா இது கோவிச்சுக்கும்க்கா. தொடச்சிட்டுத்தான் தொடணும்."

"எங்க வூட்டு ஆளும் அப்படித்தான். சமாளிச்சுக்குறேன்."

மின்கலத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று உறுதிசெய்துகொண்டு, ஒரே மாதிரி இரண்டு வாங்கினோம். அக்காவின் எண் மாறவில்லை. நிறுவனம் மட்டும் மாறியது. அது நடந்து முடிந்து புதிய சிம் உயிர்பெற்ற அன்று மீண்டும் கடைக்குப் போனபோது, நான் இன்னொன்றையும் கேட்டு வாங்கினேன். எங்கள் குழுவில் ஒரு பெண்ணுக்கு, மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வந்திருக்கிறது, உங்கள் போனுக்கு வந்த ரகசிய எண்ணைச் சொல்லுங்கள் என்று அழைத்து வங்கிக் கணக்கைத் துடைத்துவிட்டிருந்தார்கள். அதனால், மோசடி என்று சந்தேகப்படும் அழைப்புகளை ஒலிக்கவிடாமல் ஒதுக்கிவைக்கும் வசதியை இரண்டு போன்களிலும் போட்டுத் தரச் சொன்னேன்.

"நல்ல காரியம்க்கா. எங்க உம்மாவோடதுலயும் போட்டுக் குடுத்திருக்கேன்" என்றபடி அவர் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை நான் கரைக்குப் போனபோது, அக்கா ஆட்டோ நிற்குமிடத்தில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழைப்பொலியாக வைத்திருந்த கல்யாண மேளம் அடிக்கவே இல்லை. "ஒண்ணும் வரலியே பாப்பா. தம்பி படகு கரை பக்கம் வரலயோ என்னவோ" என்றார். மெஸ்காரருக்கு எதைச் சொல்வது? காத்திருந்தோம். வெயில் ஏறியது. மணலை எட்டிப் பார்த்தால் அவருடைய தம்பியின் படகு கரையேறி, வலையிலிருந்து சங்கரா செக்கச்செவேலென்று கொட்டிக்கொண்டிருந்தது.

அக்கா நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

"ஏன்டா, அக்கா ஒருத்தி கரையில கெடக்காளேன்னு நெனப்பு இருக்கா ஒனக்கு?"

"அடிச்சேன் அக்கா! ரெண்டு தடவ. நீதான் புதுப் போன் மப்புல இருந்துருப்ப."

"பொய் சொல்லாத. என் போன் மூச்சே வுடல."

"ஐஸ்காரருக்கு வந்துருக்கு, ஏலக்காரருக்கு வந்துருக்கு. ஒனக்கு மட்டும் ஏன் வராது? கேட்டுப் பாரு."

ஐஸ்காரர் தலையை ஆட்டினார். நான் போனை வாங்கி, வந்த அழைப்புகளின் பகுதியைத் திறந்தேன். தம்பியின் எண் இரண்டு முறை பதிவாகியிருந்தது. பக்கத்தில் சிவப்பில், சந்தேகத்துக்குரிய அழைப்பு என்று எச்சரிக்கை. அப்போதுதான் விளங்கியது. தம்பி ஆண்டுக்கணக்காக விடிகாலையில் ஒரு பெருங்கூட்டத்தையே அழைக்கிறார். ஒருவரிடமும் ஒரு சொல் பேசுவதில்லை. அந்த இயந்திரத்தின் அறிவுக்கு அது மோசடிக்காரனின் நடத்தை. தம்பியின் பெயரை அக்கா பதிந்துவைத்திருந்தாலாவது தெரிந்தவர் என்று விட்டிருக்கும். எண்கள் எல்லாம் பழைய போனிலேயே தங்கிவிட்டன. புதியதில் ஒருவர் பெயரும் இல்லை.

இதை நான் விளக்கி முடிப்பதற்குள் அக்காவின் கோபம் எங்கோ போய்விட்டது.

"கேட்டியாடா? மெசினே கண்டுபுடிச்சிடுச்சு, நீ பிராடுன்னு. நான் ஒனக்குக் கல்யாணம் பேசுறப்பவே சொன்னேன், ஒருத்தனும் கேக்கல."

ஏலக்காரர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். தம்பி மட்டும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னப் பாத்தா அப்படியா தெரியுது?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியில் கொஞ்சம் உண்மையான வருத்தம் இருந்தது.

நெரவிக்கு நானும் கூடப் போனேன். மெஸ் வாசலிலேயே குழம்பு வாசனை வந்தது. மெஸ்காரர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"போன் வரலன்னதும் அந்த ஐஸ் பெட்டி வண்டிக்காரருகிட்ட வாங்கிட்டேங்க. மீன் இல்லாம எல போட முடியுமா?"

"போன் கோளாறு பண்ணிருச்சுங்க. ஒரு நாளுதான."

"ஒரு நாளுதான், நான் இல்லங்கல. ஆனா அவரு தெனமும் வர்றேங்குறாரு. ரெண்டு பேருக்கிட்டயும் சொல்லி வெக்க முடியாதுல்ல? நாளைக்குப் பாப்பம். நாளைக்கும் இப்படின்னா என்னைக் கோவிச்சுக்காதீங்க."

அவர்மீது குறை சொல்ல முடியவில்லை. வெயிலில் தெருத்தெருவாக அலைந்து, அந்தச் சங்கராவை அக்கா கிடைத்த விலைக்குக் கொடுத்தார்.

திரும்பும்போது ஆட்டோவில், அந்த வசதியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். அக்கா கூடையின் விளிம்பைத் தட்டிக்கொண்டே யோசித்தார்.

"எடுத்துட்டா அந்த நிவாரணப் பயலுவ கூப்புடுவானுவளே?"

"கூப்பிடலாம்."

"அப்ப இருக்கட்டும். எந்தம்பி நல்லவன்னு அதுக்கு எழுதிக் குடுக்க முடியுமா?"

எழுதிக் கொடுத்தேன். அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்பதால் பெயரோடு படமும் வைத்தோம். தம்பிக்குப் படகின் மூக்கு. மெஸ்காரருக்கு ஒரு வாழை இலை. எனக்கு முகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் தோளில் மாட்டும் துணிப்பையைப் படம் எடுத்துக்கொண்டார். "இந்தப் பையப் பாத்தாலே நீ வர்றது தெரியும்." என் போனில் அவருக்கு அன்னக்கூடை.

மறுநாள் எனக்குப் புதுச்சேரிக் கூட்டம். விடிந்ததுமே கிளம்ப வேண்டும். கரைக்குப் போய்ப் பார்க்க முடியாது.

"மெஸ்காரரு வாங்குனாருன்னா ஒனக்கு ரெண்டு அடிக்கிறேன்" என்றார் அக்கா. "இல்லன்னா ஒண்ணு. பழக்க தோசத்துல எடுத்துத் தொலச்சிடாத."

காலைப் பேருந்தில் சன்னலோர இடம் கிடைத்தது. புதிய போனைக் கையிலேயே வைத்திருந்தேன். பூவம் போனது, நண்டலாற்றுப் பாலம் போனது. படகுகள் கரையேறும் நேரம், பிறகு ஆட்டோ நெரவிக்குள் நுழையும் நேரம் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. ஒன்றும் வரவில்லை. தரங்கம்பாடியைக் கடந்ததும் கோடுகள் குறைந்தன. பிறகு இல்லாமலே போயின. அந்த வறண்ட துண்டு. தெரிந்தே தேர்ந்தெடுத்ததுதான். பக்கத்து இருக்கைக்காரர் தம் போனில் சத்தமாக யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். அது தோழி வைத்திருக்கும் இணைப்பாக இருக்க வேண்டும். சற்றுப் பொறாமையாகக்கூட இருந்தது.

வரிசையாகப் பனைமரங்கள் தெரிகிற இடத்தில் கோடுகள் திரும்பி வந்தன. போன் ஒரு முறை அதிர்ந்தது. அழைப்பு அல்ல, இணைப்பு நிறுவனம் அனுப்பிய செய்தி. தாங்கள் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தபோது கீழ்க்கண்ட எண்ணிலிருந்து வந்த அழைப்புகள், என்று அதற்கே உரிய மிடுக்கோடு தொடங்கி, அக்காவின் எண்ணைச் சொல்லி, எத்தனை என்பதையும் சொன்னது. இரண்டு.

கூப்பிட்டு எல்லாவற்றையும் கேட்க வேண்டும் போலிருந்தது. மெஸ் வாசலில் மீனை எடுத்துப்போட்டுக்கொண்டு ஈரக் கையோடு இருப்பார் என்று நினைத்தேன். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, நடத்துநரிடம் சில்லறை வாங்க எழுந்தேன்.