ராணியின் கோணல் நடை

எருக்கலம்பிட்டிக் கலந்தரின் மூன்றாவது மகன் பதுர்தீன். தொண்ணூறில் முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது மன்னாரை விட்டு வந்து மாம்புரியில் ஒதுங்கும்போது அவருக்குப் பதினொரு வயது. வாப்பாவும் சாச்சாமார் இருவரும் கழுதையில் பாரம் ஏற்றிப் பிழைத்தவர்கள். அதனால் நாலுகால் பிராணியின் முதுகைப் பற்றித் தனக்குத் தெரியாதது இல்லை என்பது அவர் எண்ணம். இப்போது அவரிடம் இருப்பது ராணி என்ற ஒரேயொரு பெண்குதிரை. கரையோர ஹோட்டலுக்கு வருகிற வெளிநாட்டுக்காரரை ஏற்றிக் கடற்கரையில் நடக்கும். வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான்.

மார்ச் மாதம் ஹோட்டல் மேலாளர் றொகான் அவரைக் கூப்பிட்டான்.

"அண்ணன், உங்கட குதிரை நண்டு மாதிரியெல்லோ நடக்குது. ஏறுற சனமெல்லாம் சரிஞ்சு வருது. சோழகக் காத்துக்குச் சனம் வரத் தொடங்கமுதல் சரிப்பண்ணுங்க. இல்லாட்டி நான் வேற குதிரை பாக்கோணும்."

சேணம் வலப்பக்கம் சரிவது உண்மைதான். எதிர்ப்பக்கம் பாரம் கட்டிச் சமன்படுத்துவது கழுதைக்காரர் வழக்கம். பதுர்தீனும் இடப்பக்கம் ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிட்டார். சேணம் நிமிர்ந்தது, ராணி நிமிரவில்லை. வலத்தோளின் மேல் முன்பே ஒரு புண். பத்தே நாளில் இடப்பக்கமும் தோல் உரிந்தது.

மருந்து பூச வந்த மனைவி நஸ்ஹா மணலில் பதிந்திருந்த குளம்புத் தடங்களைக் காட்டினாள்.

"இஞ்ச பாருங்க, முன்னங்கால் தடத்துக்கு நேர பின்னங்கால் விழல்ல. இடப்பக்கம் ஒதுங்கி விழுது."

"அது கள்ளம் பண்ணுது."

"கள்ளமா? நீங்க இடக்கையால ஒரு ஆணி அடிச்சுக் காட்டுங்க பாப்பம். மனிசனுக்கு ஒரு கை வசம் எண்டா குதிரைக்கு இரிக்காதா? பொறக்கக்குள்ளயே அப்பிடித்தான்."

"நீ எப்ப குதிரை டொக்டர் ஆன?"

"நீங்க மூட்டை கட்டின அண்டைக்கே."

பதுர்தீன் குனிந்து குளம்புகளைத் தூக்கிப் பார்த்தார். வல முன்குளம்பு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தது. உடம்பின் பாரமெல்லாம் அந்தக் காலில். போதாக்குறைக்கு, அவரும் எந்நாளும் இடப்பக்கம் நின்றே கயிற்றைப் பிடித்து, அதன் தலையைத் தன் பக்கம் இழுத்து வந்திருக்கிறார்.

மூட்டையை அவிழ்த்தார். புண் ஆறும்வரை சேணமும் இல்லை. வலப்பக்கம் நின்று, ஒரு தென்னையைச் சுற்றி வலமாகவே நடத்தினார். முதல்நாள் அரைச் சுற்றில் ராணி மரம்போல நின்றுவிட்டது. இடக்கையில் கயிறு பிடித்துப் பழகாத பதுர்தீன் இரண்டு தடவை அதன் காலில் மிதிபட்டார். ஐந்து கிழமையில் எட்டுச் சுற்று வந்தது.

மே மாதம் ராணி நடப்பதை றொகான் பின்னால் நின்று பார்த்தான்.

"முழுக்க நேராகாது தம்பி, பொறவிக் குணம்," என்றார் பதுர்தீன். "பாரமான ஆள் வாணாம். ஒரு நாளைக்கு மூணு பயணம் காணும், கூட வாணாம்."

றொகான் ராணியின் முதுகைத் தடவிப் பார்த்தான். புண் இல்லை.

"மூண்டு எண்டா மூண்டுதான். ஆனா அண்ணன், வாற வெள்ளைக்காரிமாரிட்ட என்ன நிறையெண்டு நீங்கதான் கேக்கோணும். நான் மாட்டன்."