இரண்டு கொடிக்கம்பமும் எட்டு வீட்டுத் தண்ணீரும்

எனக்கு எதையும் லேசில் நம்பும் பழக்கம் கிடையாது. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு காண்ட்ராக்டரிடம் பைப் ஃபிட்டராக இருந்தவன். புது லைன் போட்டாச்சு என்று யார் சொன்னாலும் தோண்டிப் பார்க்காமல் தலையாட்ட மாட்டேன். அப்படிப்பட்ட நானே கோட்டை விட்ட ஒரு வேலையை, இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்காக எழுதுகிறேன்.

1. கம்பம்

ஒரு சந்து, எட்டு வீடு. காலையில் குழாயைத் திறந்தால் முதல் நாலு குடம் சாக்கடை நாற்றம். அங்கே குடியிருந்த கோமதி அக்காவின் மகளுக்கு மஞ்சள் காமாலை. அவளுடைய பிளஸ் டூ பரீட்சைக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது.

"தம்பி, எப்படியாச்சும் சரியாக்கித் தா. இவ பரீட்சை எழுதணும்" என்றார் அக்கா.

சப்ளை நின்றதும் ஓட்டைக் குழாய் பக்கத்துச் சாக்கடையை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் ஓடும் நேரத்தில் கம்பியைத் தரையில் ஊன்றிக் காது வைத்துக் கேட்டேன். சந்து முனையில் இரண்டு கட்சிகளின் கொடிக்கம்பங்கள் அருகருகே நின்றன. அவற்றின் அடியில்தான் கசிவு.

"அந்த ஒண்ணு மட்டும் எடுத்தா மதி, அது போதும். மத்தது தொடண்டா" என்றார் எங்கள் சூப்பர்வைசர். ஏன் ஒன்று மட்டும் என்று கேட்காமல் எடுத்தேன். பத்தே நிமிடத்தில் அந்தக் கம்பத்துக் கட்சி ஆட்கள் வந்துவிட்டார்கள், படம் பிடிக்க ஒருவரோடு. யார் சொல்லி அனுப்பியதோ! சூப்பர்வைசர் போனைச் சட்டைப்பையில் வைத்ததை மட்டும் பார்த்தேன்.

"எங்களோடத பிடுங்கிட்டு அவங்களோடது மட்டும் நிக்கணுமோ?"

"எங்க கம்பத்துல கை வெச்சுப் பாரு!" என்றது மற்றக் கட்சி.

வேலை நின்றது. மூன்று சமாதானக் கூட்டம் நடந்தது. எந்தக் கம்பம் எத்தனை அடி, எதை முதலில் நடுவது என்பதே பேச்சு. தண்ணீரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெட்கக்கேடு, எனக்கும் அந்தச் சண்டை ருசித்தது. சாயாக்கடையில் யார் பக்கம் நியாயம் என்று தொண்டை கிழியப் பேசினேன். சூப்பர்வைசர் மட்டும், "சண்டை தீரட்டும், மெல்லத் தோண்டலாம்" என்றார். அது உறுத்திக்கொண்டே இருந்தது.

2. குழாய்

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய், கம்பத்துக்கு நாலடி தள்ளித் தோண்டினேன். புது பிளாஸ்டிக் பைப் போட்டதாக எங்கள் காண்ட்ராக்டர் எழுதிக் கொடுத்த இடத்தில் துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய். சண்டை நீளும்வரை யாரும் தோண்டமாட்டார்கள். போடாத பைப் வெளியே தெரியாது; ஒரு கம்பத்தை மட்டும் எடுக்கச் சொன்ன சூப்பர்வைசருக்கு அதுதான் வசதி.

பழைய லைனை அங்கேயே அறுத்து, கம்பத்துப் பக்கம் போகும் முனையை எண்ட் கேப் போட்டு மூடினேன். அங்கிருந்து சுவரோரமாகப் புதுப் பைப் இழுத்து எட்டு வீட்டுக்கும் கொடுத்தேன். நின்ற கம்பத்தையும் தொடவில்லை, கிடந்த கம்பத்தையும் தொடவில்லை. மத்தியானச் சோற்றுக்குள் வேலை முடிந்தது.

கோமதி அக்கா ஒரு டம்ளர் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் தெளிவாக இருந்தது. ஆனால் பரீட்சை முந்தின வாரமே முடிந்திருந்தது. காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்த மகள் ஒரு பேப்பர்கூட எழுதவில்லை.

"இது அரை நாள் பணிதானே, தம்பி?"

"ஆமாக்கா."

"அப்போ முதல் நாளே செஞ்சிருக்கலாமே?"

கட்சிக்காரர்கள், சூப்பர்வைசர், காண்ட்ராக்டர் என்று எல்லோரையும் சந்தேகப்பட்டேன். அந்த இரண்டு மாதமும் ரெஞ்ச் என் பையில்தான் இருந்தது.